சிறு பொருள்களின் கனஅளவும் அடர்த்தியும்: அளவீட்டின் வரலாறு

ஒரு பொருள் இடத்தில் எவ்வளவை அடைத்துக்கொள்கிறது என்பது அதன் கனஅளவு. அந்த இடத்துக்குள் எவ்வளவு நிறை அடங்கியுள்ளது என்பது அதன் அடர்த்தி. நிறையைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும்போது அது ஒப்படர்த்தி எனப்படுகிறது. இலங்கைப் பாடநூல்கள் நிறையைத் திணிவு என்றும், கனஅளவைக் கனவளவு என்றும், ஒப்படர்த்தியைச் சாரடர்த்தி என்றும் குறிப்பிடுகின்றன.

செங்கல் போன்ற ஒழுங்கான வடிவமுள்ள பொருளின் கனஅளவை அளவுகோலால் காணலாம். மோதிரம், சாவி, கூழாங்கல், நாணயம், முத்து போன்ற சிறு பொருள்களுக்கு அளவுகோல் உதவாது. அவற்றின் எடையைத் துல்லியமாக அறியத் தராசு பழங்காலத்திலிருந்தே உண்டு; கனஅளவை அறியும் வழிதான் எளிதில் அகப்படவில்லை. அந்த வழியைத் தேடியவர்களில் பலரைத் தூண்டியது வெறும் ஆர்வம் அன்று. கையில் உள்ள பொன் பொன்தானா, கல் மாணிக்கந்தானா, பாலில் நீர் கலந்துள்ளதா என்னும் ஐயங்களே இந்த அளவீட்டை வளர்த்தன.

ஆர்க்கிமிடீசும் மகுடமும்

இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவில் இருந்த கிரேக்க நகரம் சிராகூஸ். ஆர்க்கிமிடீஸ் (ஏறத்தாழ கி.மு. 287 – 212) அங்கு வாழ்ந்தவர். அரசன் இரண்டாம் ஹியரோ கோயிலுக்குக் காணிக்கையாக ஒரு பொன் மகுடம் செய்யச் சொன்னான். முடிந்து வந்த மகுடத்தின் எடை, கொடுத்த பொன்னின் எடைக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் பொற்கொல்லர் ஒரு பகுதிப் பொன்னை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு வெள்ளியைக் கலந்துவிட்டார் என்று புகார் எழுந்தது. மகுடத்தை உருக்காமல் உண்மையைக் கண்டறியும் பொறுப்பு ஆர்க்கிமிடீசிடம் வந்தது. குளியல் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிவதைக் கண்டு விடையை உணர்ந்த அவர், "யுரேகா" எனக் கூவியபடி தெருவில் ஓடினார் என்பது எல்லோரும் அறிந்த கதை.

இக்கதையைச் சொன்னவர் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். தமது கட்டடக்கலை நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை அவர் எழுதினார். அது கி.மு. முதல் நூற்றாண்டு, அதாவது ஆர்க்கிமிடீஸ் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின். ஆர்க்கிமிடீஸ் தாமே எழுதிய 'மிதக்கும் பொருள்கள்' என்னும் நூலில் மகுடமும் இல்லை, குளியல் தொட்டியும் இல்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உள்ளது: நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடை அளவுக்குத் தன் எடையில் குறைந்து காணப்படும் என்னும் விதி.

விட்ருவியஸ் சொல்லும் செய்முறை இது. மகுடத்தின் எடைக்குச் சமமான ஒரு பொற்கட்டியும் ஒரு வெள்ளிக் கட்டியும் எடுக்க வேண்டும். விளிம்பு வரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் ஒவ்வொன்றாக மூழ்கடித்து, வழிந்த நீர் எவ்வளவு என்று அளக்க வேண்டும். வெள்ளி அதிக நீரை வழியச் செய்யும். பொன் குறைவாக வழியச் செய்யும். கலப்பட மகுடம் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவை வழியச் செய்யும்.

கொள்கையில் இது சரி. நடைமுறையில் எவ்வளவு நம்பலாம் என்பதை ஒரு கணக்குக் காட்டும். மகுடத்தின் எடை 1,000 கிராம் என்று கொள்வோம். பொன்னின் அடர்த்தி ஒரு கன செண்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஆகவே தூய பொன் மகுடத்தின் கனஅளவு 51.8 கன செ.மீ. அதில் 300 கிராம் வெள்ளி (அடர்த்தி 10.5) கலந்திருந்தால் கனஅளவு 64.8 கன செ.மீ. ஆகும். வேறுபாடு 13 கன செ.மீ. மகுடம் நுழையும் அளவுக்கு 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரம் எடுத்தால், இந்த 13 கன செ.மீ. நீர்மட்டத்தில் உண்டாக்கும் வேறுபாடு 0.4 மில்லிமீட்டர் மட்டுமே. பாத்திரத்தின் விளிம்பில் நீர் சற்றே மேடாகத் தேங்கி நிற்கும் இயல்புடையது. மகுடத்தில் ஒட்டிய குமிழிகளும், எடுக்கும்போது அதில் தங்கிச் சொட்டும் நீரும் சேர்ந்தால் இந்த வேறுபாடு பிழைக்குள் மறைந்துவிடும். இந்த முறையை மட்டும் நம்பி ஒருவர் மீது திருட்டுக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

அதே மகுடத்தைத் தராசின் ஒரு முனையிலும், சம எடைப் பொற்கட்டியை மறுமுனையிலும் தொங்கவிட்டு இரண்டையும் நீருக்குள் இறக்கினால் நிலைமை மாறுகிறது. தூய பொன் 51.8 கிராம் எடை குறையும். கலப்பட மகுடம் 64.8 கிராம் குறையும். இந்த 13 கிராம் வேறுபாட்டை அக்காலத் தராசும் தெளிவாகக் காட்டியிருக்கும். மகுடத்தின் சிக்கலை இவ்வாறு தராசைக் கொண்டு தீர்க்கும் முறை, எடைகளையும் அளவைகளையும் பற்றிய பிற்கால இலத்தீன் செய்யுள் நூல் ஒன்றிலும் சொல்லப்பட்டுள்ளது.

சைனீசியசின் கடிதம்

திரவங்களின் அடர்த்தியை அறிய மிதக்கும் கருவி ஒன்று போதும். கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, சைரீன் நகரத்துச் சைனீசியஸ் தம் ஆசிரியரான அலெக்சாந்திரியாவின் ஹைப்பேசியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அத்தகைய கருவி ஒன்று செய்வித்து அனுப்ப வேண்டும் என்பது அதில் உள்ள வேண்டுகோள். குழல் போன்ற நீண்ட உருளை, அதன் மேல் வெட்டுக் கோடுகள், நிமிர்ந்து மிதப்பதற்காக அடியில் எடையுள்ள ஒரு கூம்பு என்று அதன் அமைப்பையும் அவர் விளக்கியுள்ளார். இன்று பள்ளி ஆய்வகத்தில் உள்ள திரவமானியின் அமைப்பும் இதுவே. அடர்த்தி மிகுந்த திரவத்தில் அது மேலே நிற்கும். அடர்த்தி குறைந்த திரவத்தில் ஆழமாக அமிழும்.

அல்பிரூனியும் அல்காசினியும்

சிறு பொருள்களின் கனஅளவை முறையாக அளந்து பட்டியலிட்டவர்களுள் முதன்மையானவர் அல்பிரூனி (973 – சுமார் 1050). இந்தியாவின் கணிதம், வானியல், சமயம் ஆகியவற்றைப் பற்றி விரிவான நூல் எழுதியவர் என்ற முறையில் இந்திய மாணவர்கள் இவரை அறிவர். கசினி அரசவையைச் சார்ந்து வாழ்ந்த இவருக்குப் பொன்னையும் மணிகளையும் ஆராயும் வாய்ப்பு இருந்தது.

அவர் பயன்படுத்திய கருவி கூம்பு வடிவப் பாத்திரம். அடிப்பாகம் அகன்றது, கழுத்து குறுகியது, கழுத்தின் பக்கத்தில் வளைந்த சிறு குழாய். குழாயின் வாய் வரை நீர் நிரப்பி, எடை அறிந்த பொருளை உள்ளே இட்டால், அதன் கனஅளவுக்குச் சமமான நீர் குழாய் வழியே வெளியேறித் தராசுத் தட்டில் விழும். அந்த நீரை அவர் அளவைப் பாத்திரத்தால் அளக்காமல் எடை பார்த்தார். ஆர்க்கிமிடீஸ் கதையில் அகன்ற பாத்திரம் உண்டாக்கிய பிழையை இந்தக் குறுகிய கழுத்துக் குறைத்தது. கனஅளவை எடையாக மாற்றிக்கொண்டது மற்றொரு பெரும் நன்மை. ஏனெனில் எடையைத்தான் அக்காலத்தார் நுட்பமாக அளக்க முடிந்தது. பொன், பாதரசம், செம்பு போன்ற உலோகங்களுக்கும் மணிகளுக்கும் அவர் கண்ட மதிப்புகளுள் பல இன்றைய மதிப்புகளுக்கு மிக அருகில் உள்ளன. நீரின் தன்மையும் சூடும் மாறினால் விடையும் மாறும் என்பதையும் அவர் கவனித்தார்.

மணிகளைப் பொறுத்தவரை இந்த ஆய்வுக்குத் தனிப் பயன் உண்டு. மாணிக்கமும் ஸ்பினல் என்னும் செந்நிறக் கல்லும் கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும். மாணிக்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4.0; ஸ்பினலின் அடர்த்தி ஏறத்தாழ 3.6. நீரில் எடை பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். பிரித்தானிய அரச மகுடத்தில் பதித்துள்ள 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல் என்பது பிற்காலத்தில் தெரியவந்த செய்தி. கண்ணை மட்டும் நம்பினால் அரசர்களும் ஏமாறுவர் என்பதற்கு அது சான்று.

அல்பிரூனியின் பணியைத் தொடர்ந்தவர் மெர்வ் நகரத்து அல்காசினி. 1121 ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'ஞானத் தராசு' என்னும் நூல் எடை, சமநிலை, மிதப்பு ஆகியவற்றை ஒன்றாக ஆராய்கிறது. ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு தராசை அந்நூல் விவரிக்கிறது. ஒரு தட்டு நீரில் மூழ்கியிருக்கும். வேறு தட்டுகளைத் தண்டின் மேல் நகர்த்தலாம். இரண்டு உலோகங்கள் கலந்த பொருளைத் தொங்கவிட்டுத் தட்டை நகர்த்தினால், ஒவ்வோர் உலோகமும் எந்த விகிதத்தில் உள்ளது என்பதைக் கணக்கிட்டு அறியலாம். சுல்தான் சஞ்சாரின் கருவூலத்தில் போலிகளைக் கண்டறிவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

தமிழ்நாட்டில் முகத்தலும் நிறுத்தலும்

தமிழர் அளவை முறையில் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பவை தனித்தனிப் பிரிவுகள். எடுத்தல் என்பது எடை. முகத்தல் என்பது கனஅளவு. முகத்தல் அளவையில் 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம் என வாய்பாடு செல்கிறது. எடையில் 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் (985 – 1014) காலக் கல்வெட்டுகள் இவ்விரு அளவைகளும் எவ்வளவு கண்டிப்பாகக் கையாளப்பட்டன என்பதைக் காட்டுகின்றன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லாலும் நிறுத்தனர். நெல்லை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்காலால் அளந்தனர். நகைகளின் எடையைக் குறிக்கும்போது உள்ளே உள்ள அரக்கும் சேர்ந்த எடையா என்பதும் எழுதப்பட்டது. குழிவான நகைக்குள் அரக்கு இருக்கும்போது மொத்த எடை பொன்னின் எடை ஆகாது என்பதைக் கணக்கெழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பொன்னின் தரத்தை இங்கு உரைகல்லில் உரைத்துப் பார்த்தனர். கல்லில் விழும் கோட்டின் நிறத்தை, மாற்று அறிந்த பொன் ஊசிகள் விட்ட கோட்டோடு ஒப்பிடுவது அம்முறை. தேர்ந்த கண்ணுக்கு அது விரைவாகவும் சரியாகவும் விடை தரும். ஆயினும் உரைகல் தொடுவது மேற்பரப்பை மட்டுமே. உள்ளே வேறு உலோகம் இருந்தால் அது சொல்லாது. நீரில் நிறுக்கும் முறையோ பொருள் முழுவதையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறது.

தானியத்தை முகப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மரக்காலில் உள்ளது நெல் மட்டும் அன்று. மணிகளுக்கு இடையில் உள்ள காற்றும்தான். தலைதட்டி அளந்தால் ஓர் அளவு. கூம்பாகக் குவித்து அளந்தால் வேறோர் அளவு. அளக்கும்போது மரக்காலைக் குலுக்கினால் மணிகள் நெருங்கி அதிக நெல் பிடிக்கும். காய்ந்த நெல்லும் ஈர நெல்லும் ஒரே மரக்காலில் வெவ்வேறு எடை நிற்கும். வாரம் அளப்பவர் கையில் இந்த வேறுபாடுகள் குடியானவரின் பங்கையே மாற்றக்கூடியவை. இந்தியாவில் 1956 ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டத்துக்குப் பின், 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. படியால் அளந்து வாங்கிய அரிசி கிலோவுக்கு மாறியது. குலுக்கினாலும் குவித்தாலும் கிலோ மாறுவதில்லை.

கலிலியோவின் சிறிய தராசு

1586 ஆம் ஆண்டில் 22 வயது இளைஞரான கலிலியோ 'சிறிய தராசு' என்னும் குறுநூலை எழுதினார். அது அவர் இறந்த பின்னர் 1644 இல்தான் அச்சேறியது. நீரை வழியவிட்டு அளந்தார் என்னும் கதை ஆர்க்கிமிடீசின் நுட்பத்துக்குப் பொருந்தாது என்றும், அவர் மிதப்பு விதியையே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றும் கலிலியோ கருதினார்.

அவர் அமைத்த தராசின் ஒரு முனையில் சோதிக்கும் பொருள் தொங்கும். மறுமுனையில் எதிர்எடை இருக்கும். பொருளை நீரில் இறக்கியதும் அதன் எடை குறைவதால், எதிர்எடையை நடுவை நோக்கி நகர்த்தினால்தான் சமநிலை திரும்பும். தூய பொன்னுக்கு எங்கே நிற்கிறது, தூய வெள்ளிக்கு எங்கே நிற்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். கலப்புப் பொருளுக்கு இடையில் எங்கு நிற்கிறதோ அதைக் கொண்டு விகிதம் காணலாம்.

இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் மிகச் சிறியது. அதைப் பிரிக்கக் கலிலியோ கண்ட வழி எளியது. தராசுத் தண்டின் மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் ஓர் அளவுக்கோடு ஆனது. அவ்வளவு நெருக்கமான சுற்றுகளைக் கண்ணால் எண்ணுவது கடினம். ஆகவே கூரிய முனையை மெதுவாக அதன் மேல் இழுத்து, விரலின் உணர்வாலும் எழும் ஓசையாலும் எண்ணலாம் என்று எழுதினார். உலோகங்களையும் மணிகளையும் காற்றிலும் நீரிலும் நிறுத்த எடைகளின் பட்டியலையும் அவர் விட்டுச் சென்றார்.

நாணயம், வெடிமருந்து, சாராயம்

17 ஆம் நூற்றாண்டு முதல் இந்த அளவீடு அரசின் வருவாயோடும் வணிகத்தோடும் நெருங்கியது. 1675 இல் இராபர்ட் பாயில், பொன் நாணயத்தைத் தொங்கவிட்டு நீரில் மிதக்கச் செய்யும் ஒரு கருவியை வெளியிட்டார். தண்டு எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதைக் கொண்டு நாணயம் நல்லதா போலியா என்று கூறலாம். 1690 இல் மருந்துப் பொருள்களை நீரில் நிறுத்துச் சோதிப்பது பற்றியும் அவர் தனி நூல் வெளியிட்டார்.

சாராயத்துக்கு வரி விதிக்க அதன் வலிமை தெரிய வேண்டும். எரிசாராயம் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அடர்த்தியை அளந்தால் வலிமை தெரியும். பிரான்சில் அந்துவான் போமே 1768 இல் திரவமானிக்கு ஓர் அளவுமுறையை வகுத்தார். பிரித்தானியாவில் 1816 ஆம் ஆண்டுச் சட்டம் சைக்ஸ் என்பவரின் திரவமானியை வரி அளவீட்டுக்கு உரிய கருவியாக ஏற்றது.

நீரில் கரையும் பொருளுக்கும் பொடிக்கும் வேறு வழி வேண்டும். உப்பு, சர்க்கரை போன்றவற்றை அவை கரையாத மண்ணெண்ணெயில் அமிழ்த்தி அளக்கலாம். நனையவே கூடாத பொருள் என்றால்? 1797 இல் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் சே, வெடிமருந்துப் பொடியின் கனஅளவைக் காற்றைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். மூடிய கலத்தில் பொடி இருக்கும்போது காற்றுக்கு உள்ள இடம் குறைகிறது. அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்று பார்த்துப் பாயில் விதியால் அந்த இடத்தைக் கணக்கிடலாம். இன்று மருந்துத் தொழிலிலும் சிமெண்ட் ஆய்வகங்களிலும் பயன்படும் ஹீலியம் வாயுக் கருவிகள் இதே கருத்தில் இயங்குகின்றன.

நீரே அளவுகோலானது

1795 ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சுச் சட்டம் கிராம் என்பதை வரையறுத்தது: உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில், ஒரு கன செண்டிமீட்டர் தூய நீரின் எடை. நீளத்திலிருந்து எடையைப் பெறும் இந்த ஏற்பாடு முழுவதும் அடர்த்தியையே நம்பியிருந்தது.

இதைச் செயலில் காட்டும் பணியை லெஃபெவ்ர் கினோவும் இத்தாலியரான ஃபப்ரோனியும் மேற்கொண்டனர். ஏறத்தாழ 24 செ.மீ. விட்டமும் அதே உயரமும் கொண்ட உள்ளீடற்ற பித்தளை உருளையை நுட்பமாக அளந்தனர்; பின் அதைக் காற்றிலும் நீரிலும் நிறுத்தனர். எடைக் குறைவு, அந்த உருளை விலக்கிய நீரின் எடை. நீர் மிக அடர்த்தியாக இருப்பது 0 பாகையில் அன்று, 4 பாகை செல்சியசில் என்பதால் அந்த வெப்பநிலையே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1799 இல் இந்த அளவீட்டின்படி பிளாட்டினத்தில் கிலோகிராம் செய்யப்பட்டது.

பிற்காலத்தில் மேலும் நுட்பமாக அளந்தபோது சிறு பிழை தெரிந்தது. ஒரு கிலோகிராம் நீர் 1,000 கன செ.மீ. அன்று, 1,000.028 கன செ.மீ. இடம் கொள்கிறது. 1901 இல் லிட்டர் என்பது ஒரு கிலோகிராம் நீரின் கனஅளவு என்று வரையறுக்கப்பட்டதால், லிட்டரும் கன டெசிமீட்டரும் இம்மியளவு வேறுபட்டு நின்றன. 1964 இல் அந்த வரையறை நீக்கப்பட்டு, லிட்டர் மீண்டும் கன டெசிமீட்டரின் மறுபெயர் ஆனது.

அடர்த்தியில் தோன்றும் சிறு வேறுபாட்டை ஒதுக்காமல் பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஆர்கான் சான்று. காற்றிலிருந்து பெற்ற நைட்ரசன், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரசனைவிட ஏறத்தாழ 0.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்திருப்பதை ரேலி கண்டார். அவரும் வில்லியம் ராம்சேயும் அதன் காரணத்தைத் தேடி 1894 இல் ஆர்கானைக் கண்டறிந்தனர். இருவரும் 1904 இல் நோபல் பரிசு பெற்றனர்.

2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அம்மாற்றத்துக்கு உதவிய ஆய்வுகளுள் ஒன்றில், ஏறத்தாழ 94 மி.மீ. விட்டமுள்ள சிலிக்கன் கோளத்தின் கனஅளவை அளந்து அதில் உள்ள அணுக்களைக் கணக்கிட்டனர். பிரெஞ்சுப் பித்தளை உருளை தொடங்கிய வேலையை அந்தக் கோளம் வேறொரு வகையில் தொடர்ந்தது.

ஒரு ரூபாய் நாணயத்தை அளத்தல்

2011 வரிசை ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். துருவேறா எஃகால் ஆனதால் அதன் கனஅளவு சுமார் 0.49 கன செ.மீ. இருக்கும். ஒரு மில்லிலிட்டர் பிரிவுள்ள அளவுச்சாடியில் ஒரு நாணயத்தை இட்டால் நீர்மட்டம் ஏறியது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எண்ணிக்கையைக் கூட்டுவது. 20 நாணயங்களின் எடை 75.8 கிராம், நீர் சுமார் 9.8 மில்லிலிட்டர் ஏறும். வாசிப்பில் அரை மில்லிலிட்டர் பிழை வந்தாலும் அடர்த்தி 7.4 முதல் 8.2 வரை அமையும்.

இரண்டாம் வழி, நீரில் நிறுப்பது. நூலில் கட்டிய ஒரே நாணயம் காற்றில் 3.79 கிராம், நீரில் சுமார் 3.30 கிராம் காட்டும். குறைவு 0.49. காற்றில் உள்ள எடையை இக்குறைவால் வகுத்தால் 7.7 கிடைக்கிறது. குறைவில் 0.01 கிராம் பிழை இருந்தாலும் விடை 7.6 முதல் 7.9 வரைதான் மாறும்.

மூன்றாம் வழிக்குக் கொக்கி உள்ள தராசும் தேவையில்லை. மின்னணுத் தராசின் மேல் நீருள்ள குவளையை வைத்து, வாசிப்பைச் சுழியாக்க வேண்டும். நூலில் கட்டிய பொருளை, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம் எண்ணிக்கையே பொருளின் கனஅளவு, கன செண்டிமீட்டரில். பொருளை நீர் மேலே தள்ளுகிறது. அதே விசையோடு பொருள் நீரைக் கீழே தள்ளுகிறது. அதைத்தான் தராசு காட்டுகிறது. மிதக்கும் தக்கை என்றால் மெல்லிய ஊசியால் நீருக்குள் அமிழ்த்திப் பிடிக்கலாம்.

ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தூரிகையால் அகற்றுவது இம்முறைகள் அனைத்திலும் முதல் விதி. சிறு பொருளில் ஒரு குமிழிகூட விடையைக் கெடுக்கும். நீரின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். 30 பாகையில் நீரின் அடர்த்தி 0.9957.

அடர்த்தி சொல்லாதவை

8 கிராம் எடையுள்ள ஒரு சவரன் நகை 22 காரட் ஆனால் நீரில் சுமார் 0.45 கிராம் குறையும். 18 காரட் ஆனால் சுமார் 0.52 கிராம் குறையும். நுட்பமான தராசு இதைப் பிரித்துக் காட்டும். ஆனால் கல் பதித்த நகையிலும், உள்ளே அரக்கோ காற்றோ அடைபட்ட நகையிலும் இக்கணக்குச் செல்லாது. டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தியும் 19.3 தான். அதன் மேல் பொன் பூசினால் தராசுக்கு வேறுபாடு தெரியாது. ஆர்க்கிமிடீஸ் காலத்தில் டங்ஸ்டன் அறியப்படவில்லை. இன்று அது எளிதில் கிடைக்கிறது.

பாலிலும் இதே நிலை. பாலின் ஒப்படர்த்தி பொதுவாக 1.028 முதல் 1.032 வரை இருக்கும். நீர் சேர்த்தால் அது குறைகிறது. கொழுப்பு நீரைவிட இலேசானது என்பதால், ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடுகிறது. ஆடையையும் எடுத்து நீரையும் சேர்த்தால் இரண்டும் ஈடாகி, பால்மானி நல்ல பாலின் அளவையே காட்டும். ஆகவே பால் கொள்முதலில் பால்மானியோடு கொழுப்பின் அளவையும் சோதிக்கின்றனர்.

அடர்த்தி எதிர்பார்த்த எண்ணிலிருந்து விலகினால் பொருள் சொல்லப்பட்டது அன்று என்று உறுதியாகக் கூறலாம். எண் பொருந்தினால், அதுதான் என்று மட்டும் கூற முடியாது. அதுவாக இருக்கலாம் என்றே கூறலாம். உரைகல், வேதிச் சோதனை, இன்றைய எக்ஸ் கதிர்ச் சோதனை ஆகியவை அடர்த்தியோடு சேர்த்துப் பயன்படுத்தப்படுவதன் காரணம் இதுவே. கடையில் விற்கும் சமையல் எண்ணெய் உறையில் '1 லிட்டர்' என்பதன் அருகில் ஏறத்தாழ 910 கிராம் என்று அச்சிடுவதும் அடர்த்தியின் அன்றாடப் பயன். அந்த இரண்டு எண்களையும் படிக்கத் தெரிந்தவர், லிட்டர் உறையையும் கிலோ உறையையும் ஒன்றெனக் கருதி விலை ஒப்பிட்டு ஏமாற மாட்டார்.